சேர்மன் வராமல் பொழுது சாயாது

நுகர்வைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் அதற்கு ஒரு கட்டடம் கட்ட வேண்டும். இது தெரியாதவர்கள்தான் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர்கள் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடலோரமாக ஓர் இடம் பார்த்தார்கள். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் உலர்த்தச் சொன்னார்கள். பிறகு நாலு மாடிக்குக் கண்ணாடியாலேயே ஒரு மாளிகை எழுப்பி, வாசல் கல்லில் 'நுகர்வுக் குறைப்பு உயர் மையம்' என்று வெட்டி வைத்தார்கள். பக்கத்து மாமல்லபுரத்தில் தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கிறது. ஆனாலும் இந்தக் கல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது. உள்ளூர்க் கல்லில் உலகத்தரம் தெரியாதாம்.

கண்ணாடிக் கட்டடம் என்றால் வெயில் உள்ளே வரும். வெயில் வந்தால் ஏசி வேண்டும். ஏசி போட்டால் குளிரும், குளிர்ந்தால் சால்வை வேண்டும். மையத்தில் இருப்பவர்கள் கத்திரி வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டுதான் பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்படுவார்கள்.

மையத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளையை நடத்துபவர் சேர்மன். சேர்மனுக்கு ஊர் ஊராக மால்கள் இருக்கின்றன. ஜனங்களை வாங்கு வாங்கு என்று வாங்க வைத்துச் சம்பாதித்த பணத்தில், வாங்காதே என்று சொல்ல ஒரு மையம். இதில் முரண்பாடு ஏதுமில்லை என்று மையமே ஓராண்டு ஆய்வு செய்து கண்டுபிடித்து, வழவழ தாளில் அறிக்கையும் அச்சிட்டிருக்கிறது.

இந்த மையத்தின் ஏசிகளைப் பார்த்துக்கொள்பவர் மஸ்தான். செங்கல்பட்டில் வீடு. திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் வந்து போவார். வாய் அதிகம் பேசாத மனுஷர். கூப்பிட்ட இடத்தில் ஏணியைப் போட்டு ஏறுவார், வேலை முடிந்ததும் இறங்குவார். ரம்ஜான் பிறந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இயக்குநர் டாக்டர் கங்காதரன் அறையில் ஏசி சொட்டியது. மஸ்தான் ஏணியில் நின்றபோது இயக்குநருக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"மிஸ்டர் மஸ்தான், காபி சாப்பிடுங்க."

"வேணாம் சார். நோன்பு."

"அப்போ ஜூஸ்?"

"அதுவும் கூடாது சார்."

"தண்ணி குடிக்கலாம்ல?"

"பொழுது சாயறவரிக்கும் ஒண்ணும் கூடாது சார்."

டாக்டர் கங்காதரன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். நுகர்வைக் குறைப்பது எப்படி என்று அவர் மூன்று புத்தகம் எழுதியிருக்கிறார். மூன்றையும் படித்துவிட்டு யாரும் எதையும் குறைத்ததாகத் தகவல் இல்லை. இங்கே ஓர் ஆள் ஏணியில் நின்றுகொண்டு குறைத்துக்கொண்டிருக்கிறான்.

"உங்களை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க?"

"உலகம் பூரா கீறாங்க சார்."

"யாரு ஃபண்டிங்?"

மஸ்தானுக்குப் புரியவில்லை. "டப்புல்லாம் யாரும் தர்றதில்ல சார்."

"அப்போ நீங்க யாருக்கு ரிப்போர்ட் பண்றீங்க?"

மஸ்தான் யோசித்துவிட்டு மெதுவாக மேலே பார்த்தார். இயக்குநரும் மேலே பார்த்தார். அவர் கண்ணுக்குச் சொட்டுகிற ஏசி மட்டும்தான் தெரிந்தது. இருந்தாலும் திட்ட அலுவலர் பிரதீபாவைக் கூப்பிட்டு, "பசுமை நோன்பு" என்று ஒரு பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். பெயர் கிடைத்துவிட்டால் திட்டம் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதி விழா.

*

நோன்பை அளக்காமல் விழா எடுக்க முடியாது என்பதால் பெங்களூரிலிருந்து ஹேமந்த் என்ற ஆலோசகர் விமானத்தில் வந்து இறங்கினார். மஸ்தானை ஒரு சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, மடிக்கணினியைத் திறந்தார்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"சஹருக்கு சார், விடியறதுக்கு முன்னாடி, சோறு. ராவு மிஞ்சின கொழம்பு இருந்தா அது. ஒரு முட்டை."

"சாப்பிடுவீங்களா?" ஹேமந்தின் முகம் வாடிவிட்டது.

"சாப்ட்டுதான் சார் நோன்பு வெப்போம்."

"சரி. சாயங்காலம்?"

"பள்ளிவாசல்ல கஞ்சி காச்சுவாங்க. தூக்கு எடுத்துகினு போனா ஊத்துவாங்க."

"பிளாஸ்டிக் தூக்கா?"

"எவர்சில்வர் சார்."

ஹேமந்தின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "கஞ்சியில என்னென்ன?"

"அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காப்பாலு. கொஞ்சம் கறி."

முகம் மறுபடி வாடியது. கறி என்றால் ஆடு. ஆடு என்றால் மேய்ச்சல், மீத்தேன், காடழிப்பு. அடுத்தது பேரீச்சம்பழம். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பஜார் தெருவில் ஒரு கடையிலிருந்து என்றார் மஸ்தான். கடைக்கு எங்கிருந்து வருகிறது என்றதும், டப்பாவில் சவுதி என்று போட்டிருக்கும் என்றார் பாவம். கப்பல் புகை மஸ்தான் தலையில் ஏறியது. கப்பலோடு விட்டார்களா? ஹேமந்த் பெங்களூரிலிருந்து வந்த விமானத்தின் புகையும் அவர் கணக்கிலேயே சேர்ந்தது. பயணமே அவருக்காகத்தானே.

கடைசியில் முடிவு வந்தது. மஸ்தானின் நோன்பு தேர்ச்சி பெறவில்லை. ஆனால் முயற்சி பாராட்டத்தக்கது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் சரியாகக் கஞ்சி குடிக்கவில்லை. மனைவி ரஹ்மத் கேட்டபிறகு சொன்னார்.

"நம்ம நோன்பு ஃபெயிலுன்னுட்டாங்க."

"யாரு பேப்பர் திருத்துனது?" என்றாள் ரஹ்மத்.

"பெங்களூர்க்காரரு."

"அவருக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? கஞ்சியக் குடிங்க, ஆறுது."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் ஆஃப்ரின் வந்து நடுவில் உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பு. இதுவரை அவள் வைத்ததெல்லாம் அரை நோன்பு. மத்தியானம் வரை பிடித்துவிட்டு, இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு என்று கணக்குச் சொல்லிக்கொண்டு சாப்பிட்டுவிடுவாள். இந்த வருஷம் அந்தக் கணக்கு அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

"அத்தா, சனிக்கெழம ஸ்கூல் லீவு. நான் முழு நோன்பு வெக்கிறேன்."

"தாங்குவியாம்மா? வெயிலு கீது."

"தாங்குவேன். நீங்க சாயந்திரம் வூட்ல இருக்கணும். அவ்ளோதான்."

அவர்கள் வீட்டில் பிள்ளையின் முதல் முழு நோன்பு என்றால் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. புதுத்துணி போட்டு, கழுத்தில் மல்லிகை மாலை போட்டு உட்கார வைப்பார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்ன அந்த நொடியில் அத்தா தன் கையால் முதல் பேரீச்சம்பழத்தை வாயில் கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்தபிறகு நோன்பைத் திறக்காமல் இழுத்தடிப்பது கூடாது என்பது அந்த வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். இப்போது வெளியூரில் படிக்கிற மூத்த பையன், முதல் நோன்பு திறந்த அன்று மஸ்தான் வேலூரில் ஏதோ ஒரு ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பழத்தைக் கொடுத்தது அவருடைய மச்சான். அந்தக் குறை அவரை இன்னும் விட்டபாடில்லை. இந்தத் தடவை வானமே இடிந்தாலும் தான்தான் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

அடுத்த நாள் போய்ச் சனிக்கிழமை லீவு கேட்டார்.

"சனிக்கிழமையா? அன்னைக்குத்தானே நம்ம விழா" என்றார் இயக்குநர்.

"பொண்ணுக்கு மொதோ நோன்பு சார். பொழுது சாயற நேரத்துக்கு நான் பக்கத்துல இருக்கணும்."

டாக்டர் கங்காதரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பிரதீபா! இளைய தலைமுறைக்கு ஒரு முகம் வேணும்னு தேடிட்டு இருந்தோமே, வீட்டுக்குள்ளயே இருக்கு பாருங்க. மிஸ்டர் மஸ்தான், ஃபேமிலியோட வாங்க. கார் அனுப்பறோம். மேடையிலேயே, கடல் காத்துல, உங்க கையாலேயே பொண்ணுக்குக் குடுங்க. சூரியன் மறையற அந்த செகண்டு. நான் கேரண்டி."

சூரியனுக்கு ஒருவர் கேரண்டி கொடுப்பதை மஸ்தான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அவர் இயக்குநர். ஏசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதமும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

*

இதற்குள் மையத்தில் எல்லாருமே பசுமை நோன்பில் இறங்கிவிட்டார்கள். மஸ்தான் வைப்பது பழைய முறை, அது அலுவலக நேரத்துக்குப் பொருந்தாது என்பதால் ஹேமந்த் அதைக் கொஞ்சம் திருத்தி அமைத்திருந்தார். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. பழச்சாறு, காபி, முந்திரி ஆகியவை அந்த 'எதுவும்' என்பதில் சேராது.

நோன்பிருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி வந்தது. பெட்டிக்குள் ஒரு பெட்டி. அதற்குள் குமிழ்த்தாளில் சுற்றிய மூங்கில் பாட்டில், சணல் பை, விதை வைத்த பேனா, 'எனக்கு இது போதும்' என்று எழுதிய பனியன். பனியன் வேறு வேறு நிறத்தில் வந்ததால், ஒன்று போதாமல் மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் மனப்பக்குவத்தை வளர்க்கும் இந்தப் பெட்டி, சேர்மனின் எல்லா மால்களிலும் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசமாகக் கிடைத்தது.

காலி அட்டைப்பெட்டிகள் கட்டடத்துக்குப் பின்னால் மலையாகக் குவிந்தன. அதை ஒழித்துக்கட்டுவது வாசல் காவல் பார்க்கும் தேவசகாயத்தின் தலையில் விழுந்தது. மதுராந்தகத்துக்காரர். ஒரு நாள் மஸ்தானைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா பாய் இது, எதுவும் வாணாம் வாணான்னு சொல்லிகினே டெய்லி ஒரு லாரி எறக்குறாங்க. கொளுத்தலாம்னா, மேல காத்து மாசு மீட்டிங் நடக்குது, பொகை வரக்கூடாதுன்றாங்க. நான் இன்னா இத்தத் துன்றதா?"

"நோன்பு அண்ணாத்த. துன்னக்கூடாது" என்றார் மஸ்தான்.

தேவசகாயம் சிரித்தார். அவருக்கும் அது தவக்காலம். இந்த வருஷம் ரம்ஜானும், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் கைகோத்துக்கொண்டு ஒன்றாக வந்திருந்தன. நாற்பது நாளும் அவர் ஒருசந்தி. அதாவது சாயங்காலம் ஒரே ஒரு வேளை கஞ்சி, அவ்வளவுதான். கறி கிடையாது, மீன் கிடையாது. மற்ற மாதங்களில் எதை விட்டாலும் விடாத அந்த ராத்திரி குவார்ட்டரும் கிடையாது. தன் நோன்பையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அவர் ஒரு நாள் பிரதீபாவிடம் கேட்டுப் பார்த்தார். பிரதீபா நல்ல பெண். பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"உங்க நோன்புக்கு இந்த நிதியாண்டுல பட்ஜெட் இல்லண்ணா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

*

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒத்திகை. கடலுக்கு முதுகைக் காட்டி மேடை போட்டிருந்தார்கள். மஸ்தான் நடுவில் உட்கார வேண்டும். அவருக்குப் பின்னால் கடலில் சூரியன் மெல்ல இறங்க வேண்டும். கடைசிக் கீற்று தண்ணீரைத் தொடும்போது பழம் வாயைத் தொட வேண்டும். ஹேமந்த் பல ராத்திரி கண்விழித்துப் போட்ட திட்டம் இது.

எல்லாரும் கேமராவை வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக் காத்திருந்தார்கள். கடல் மங்கிக்கொண்டே வந்ததே தவிர, சூரியன் வந்த பாடில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அது அவர்கள் முதுகுப் பக்கம், கட்டடத்துக்குப் பின்னால், ரோட்டைத் தாண்டி, திருப்போரூர் திசையில் நிம்மதியாக விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் சூரியன் கடலில் உதிக்கும். கடலில் மறைந்ததாகச் சரித்திரம் கிடையாது.

ஹேமந்த் இடிந்துபோய் மணலில் உட்கார்ந்துவிட்டார். "இதை ஏன் யாருமே முன்னாடி சொல்லல?"

"நாங்க கோவாவுல எடுத்த ரெஃபரன்ஸ் ஃபோட்டோ அனுப்பினப்போ நீங்கதான் ஓகே பண்ணீங்க சார்" என்றாள் பிரதீபா.

டாக்டர் கங்காதரன் கலங்கவில்லை. பதவிக்கு வருகிறவர்கள் சும்மாவா வருகிறார்கள். சென்னைக்குப் போன் போட்டார். மறுநாள் காலை ஒரு டிரெய்லர் லாரியில் மேடை அகலத்துக்கு ஒரு ராட்சத எல்இடி திரை வந்து இறங்கியது. அதை ஓட்ட இரண்டு ஜெனரேட்டர் வந்தன. ஜெனரேட்டர் சத்தம் கேட்காமல் இருக்க இரட்டிப்பாக ஸ்பீக்கர் வந்தது. திரை, நிஜக் கடலை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றது. அதில் கோவாக் கடல் அலையடித்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரியன் தொங்கியது, ஆணியில் மாட்டிய தட்டு மாதிரி.

*

சனிக்கிழமை. ஆஃப்ரின் விடியலுக்கு முன்னால் எழுந்து சஹர் சாப்பிட்டவள். மத்தியானம் ஒரு தடவை மட்டும் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு படுத்தாள், அவ்வளவுதான். கார் வந்தபோது பச்சைக் கலர் புதுச் சட்டையில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

மையத்தின் வாசலில் பனியன் போட்ட தொண்டர்கள் ரஹ்மத்தின் பையைச் சோதித்தார்கள். வெளி உணவும் பிளாஸ்டிக் பாட்டிலும் உள்ளே போகக் கூடாது, இது குப்பையில்லா விழா என்றார்கள். பேரீச்சம்பழ டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கி, தேவசகாயத்தின் காவல் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். உள்ளே எல்லாம் இருக்கிறது என்று சொன்னதால் ரஹ்மத் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாள்.

உள்ளே உண்மையில் எல்லாம் இருந்தது. மேடையில் ஒரு நீண்ட மேஜை. அதன்மேல் கோபுரம் கோபுரமாகப் பேரீச்சம்பழம், சமோசா, வடை, பழத்துண்டு, கண்ணாடிக் கிண்ணங்களில் கஞ்சி. மேஜைக்குப் பின்னால் மஸ்தானும் ஆஃப்ரினும். விளக்கு வெளிச்சத்தில் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. ரஹ்மத்தைக் கீழே முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டர் கங்காதரன் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நுகர்வு ஒரு நோய். நோய்க்கு மருந்து உண்டு. அந்த மருந்தை இந்தச் சமூகம் பல நூறு ஆண்டுகளாகச் சும்மாவே சாப்பிட்டு வந்திருக்கிறது என்பது வேதனையான உண்மை. அதை முறைப்படுத்தி, பெட்டியில் போட்டு, விலை வைத்து, உலகத்துக்குக் கொண்டு செல்வது நாம்தான். இந்த விஷயத்தில் ஏழைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இந்தக் கரையோரத்திலேயே பல குடும்பங்கள், எந்தப் பயிற்சியும் இல்லாமல், ரம்ஜான் அல்லாத மாதங்களிலும் சாப்பிடாமல் இருந்து காட்டுகிறார்கள். அவர்களிடம் நாம் கற்க வேண்டும். அந்த நிலை மாறிவிடாமல் பாதுகாக்கவும் வேண்டும்."

பலத்த கைதட்டல். ஆஃப்ரின் அத்தாவின் காதில், "இவரு எப்ப அத்தா முடிப்பாரு?" என்றாள். உதடு காய்ந்து வெள்ளை வெளேரென்றிருந்தது.

பேச்சு முடிந்தது. கட்டடத்துக்குப் பின்னால் நிஜச் சூரியன் சத்தம் போடாமல் இறங்கிப் போனது. மஸ்தானின் சட்டைப் பையில் செல்போன் பாங்கு சொன்னது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மகளைப் பார்த்தார். அவள் கண் மின்னியது. அவர் மேஜை மேல் இருந்த பழத்துக்குக் கை நீட்டினார். இயக்குநர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பத்து நிமிஷம் மிஸ்டர் மஸ்தான். சேர்மன் முட்டுக்காடு தாண்டிட்டார்."

"சார், நேரமாயிடுச்சி. பாங்கு சொல்லியாச்சு."

"அது உங்க ஃபோன்ல. இங்க பாருங்க." இயக்குநர் திரையைக் காட்டினார். கோவாச் சூரியன் தண்ணீருக்கு மேலே அசையாமல் நின்றது. "நம்ம சூரியன் இன்னும் மறையல. பாஸ் பண்ணி நிறுத்தி வெச்சிருக்கோம். சேர்மன் வந்து பட்டனை அழுத்தினாத்தான் இறங்கும்."

சேர்மன் ஏன் வரவில்லை என்றால், கார் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லி மையம் அன்று ஒரு பேரணி விட்டிருந்தது. காரில்தான். அந்தக் கார்கள் ஈசிஆரை அடைத்துக்கொண்டு நிற்க, அவற்றின் வாலில் சேர்மனின் கார் நின்றது.

பத்து நிமிஷம் இன்னொரு பத்து நிமிஷமானது. ஹேமந்த் ஓடி வந்து இயக்குநரிடம் மகிழ்ச்சியான செய்தி ஒன்றைச் சொன்னார். இயக்குநர் அதை மைக்கில் அறிவித்தார்.

"நோன்பு நீள நீள நுகர்வு இன்னும் குறைகிறது. இந்தத் தாமதத்தால் மட்டும் நாம் சாதித்திருப்பது மகத்தானது. சேர்மன் இன்னும் தாமதமாக வந்தாலும் வரவேற்போம்."

இதற்கும் கைதட்டினார்கள். மஸ்தான் மகளைப் பார்த்தார். அவள் பழத்தையும் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மஸ்தானுக்கு அவமானமாக இருந்தது. தன் பிள்ளையின் நோன்பை ஒரு ஜெனரேட்டரிடம் அடகு வைத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

கீழே முதல் வரிசையில் ரஹ்மத் எழுந்து நின்றாள். மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைக்குப் போனது.

"இன்னாங்க பாத்துகினு குந்திகினு கீறீங்க? புள்ளைக்கு நேரமாவுது. குடுங்க."

மஸ்தான் சட்டென்று ஒரு பழத்தை எடுத்தார். கல் மாதிரி கனத்தது. பிரதீபா பதறி ஓடி வந்தாள்.

"சார், சார், அதைக் குடுத்துடாதீங்க. அது களிமண்ணு. சுட்டு பெயிண்ட் அடிச்சது. எல்லாமே அப்படித்தான், சமோசாவும்."

"சாப்பாடு எங்கம்மா?"

"சாப்பாடு வீணாகக் கூடாதுன்னுதான் மேடையில சாப்பாடு வெக்கல. ஒரிஜினல் வேன்ல வருது. சேர்மன் காருக்குப் பின்னாடி."

"தண்ணி?"

"பாட்டில் காலி சார். உள்ள தண்ணி இருந்தா லைட்ல கிளேர் அடிக்குது."

மஸ்தான் பழத்தை மேஜையில் வைத்தார். டொக்கென்று சத்தம் கேட்டது. மகள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"மிஸ்டர் மஸ்தான், உட்காருங்க" என்றார் இயக்குநர். "ஒப்பந்தத்தை நினைச்சுப் பாருங்க."

"ஏசிக்குத்தான் சார் ஒப்பந்தம்" என்றார் மஸ்தான். "இதுக்கு உங்ககூட நான் ஒண்ணும் போட்டுக்கல."

மகளை நடத்திக்கொண்டு படியில் இறங்கினார். ரஹ்மத் சேர்ந்துகொண்டாள். மூவரும் விளக்குகளைத் தாண்டி வாசல் கொட்டகைக்கு ஏறக்குறைய ஓடினார்கள்.

தேவசகாயம் அப்போதுதான் தன் ஒருசந்திக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து, கேட்காமலே பழ டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து நீட்டினார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ரஹ்மத் பையிலிருந்து மல்லிகை மாலையை எடுத்து மகள் கழுத்தில் போட்டாள். மஸ்தான் டப்பாவிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார்.

"பிஸ்மில்லா சொல்லும்மா."

அவள் சொன்னாள். அவர் பழத்தை அவள் வாயில் வைத்தார். அவள் மெல்லவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வாயில் வைத்திருந்தாள். பிறகு மென்று, தண்ணீர் குடித்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். மஸ்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரஹ்மத் அவரையும் விடவில்லை, ஒரு பழத்தை அவர் வாயில் திணித்தாள்.

"லேட்டாயிட்ச்சே அத்தா. என் நோன்பு ஆவுமா?"

"ஆவும்மா. லேட்டு பண்ணது நாந்தான். கேள்வி என்னாண்டதான் வரும்."

தேவசகாயம் கஞ்சியை இருந்த தட்டு, மூடி எல்லாவற்றிலும் பங்கு போட்டார். அவருடைய ஒரு வேளை நாலாக உடைந்தது. ஆஃப்ரின் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தாள். அப்போது பிரதீபா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சேர்மன் வந்துட்டார். பாப்பா, ஒரே ஒரு தடவை வந்து மறுபடி நோன்பு திறந்துடும்மா. அஞ்சே நிமிஷம்."

ஆஃப்ரின் வாயில் இருந்ததை விழுங்கினாள். "அது ஆயிடுச்சிக்கா. இனிமே நோன்பு வெச்சவங்க வேற யார்னா இருந்தா கூப்டுக்கோங்க."

பிரதீபா வெறுங்கையோடு திரும்பி நடப்பதற்குள் ஸ்பீக்கர் முழங்க ஆரம்பித்துவிட்டது. நோன்பாளியின் இடத்தில் ஹேமந்த்தே தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது. சேர்மன் பட்டனை அழுத்துகிறார், சூரியன் மறைகிறது, நமது சேர்மனே இதோ முதல் கனியைச் சுவைக்கிறார் என்று இயக்குநரின் குரல் ஒவ்வொன்றாக வர்ணித்தது. பழம் களிமண் என்று சேர்மனிடம் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் பிரதீபாவுக்கு உறைத்தது. அவள் பாதி வழியில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் கடக் என்று ஒரு சத்தம் வந்தது. ஒரு முனகல் வந்தது. பிறகு இயக்குநரின் தழுதழுத்த குரல்.

"பாருங்கள் நண்பர்களே. பசித்தவனின் வலியை உணர்ந்து சேர்மன் கண்ணீர் விடுகிறார்."

கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை. ஆஃப்ரின் கஞ்சி மூடியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தா, அவரும் நோன்பா?"

"இல்லம்மா" என்றார் மஸ்தான். "இப்பதான் ஆரம்பிக்கிறாரு. பல்லு கட்டுறவரிக்கும்."